ஆமிஷ் வீட்டுச் சலவை இயந்திரமும் பழமை பற்றிய கேள்வியும்

பிழியுருளைச் சலவை இயந்திரத்தின் அமைப்பு எளிது. ஒரு தொட்டி, அதற்குள் துணியை இருபுறமும் மாறி மாறித் திருப்பும் கலக்கி, தொட்டியின் விளிம்பில் இரண்டு ரப்பர் உருளைகள். அழுக்குப் போன துணியை ஒவ்வொன்றாக எடுத்து உருளைகளுக்கு நடுவே கொடுத்தால், தண்ணீர் தொட்டிக்குள் வடிந்துவிடும். துணி தட்டையாக மறுபக்கம் வந்து விழும். ஒரு காலத்தில் அமெரிக்க வீடுகளில் சாதாரணமாகப் புழங்கிய இந்த இயந்திரத்தை இன்று தேடி வாங்குவோர் பெரும்பாலும் இரு சாரார்: பழம்பொருள் சேகரிப்பவர்கள், ஆமிஷ் கிறிஸ்தவக் குடும்பத்தினர். பழையதை ஏன் பேண வேண்டும் என்று கேட்டால் இவர்கள் தரும் விடைகள் வெவ்வேறு.

இயந்திரத்தின் வரலாறு பண்ணையோடு பிணைந்தது. அயோவா மாநிலத்தின் நியூட்டன் நகரில் 1893இல் கதிரடிக்கும் இயந்திரங்களுக்கான உறுப்புகளைச் செய்யத் தொடங்கியது மேடாக் நிறுவனம். உழவுக் கருவி வியாபாரம் பருவத்தோடு முடிந்துவிடும். மந்தமான மாதங்களுக்கென 1907இல் சலவை இயந்திரத்தில் இறங்கியது. மின்சாரம் எட்டாத பண்ணைகளுக்காகக் காலால் உதைத்துக் கிளப்பும் சிறு பெட்ரோல் எஞ்சினையும் பொருத்தி விற்றது. தானியங்கி இயந்திரங்கள் சந்தையைப் பிடித்த பிறகும் உருளை வைத்த இயந்திரத்தை அது 1983 வரை தயாரித்தது.

ஆமிஷ் மக்கள் 1693இல் யாக்கோப் அம்மான் தலைமையில் பிரிந்த ஒரு பிரிவினரின் வழிவந்தவர்கள். எதை ஏற்கலாம், எதை விலக்கலாம் என்பதை அவர்களுடைய சபைதோறும் ‘ஆர்ட்னுங்’ என்ற ஒழுங்குமுறை தீர்மானிக்கிறது. அது பெரும்பாலும் எழுதப்படாதது. ஆண்டுக்கு இருமுறை, திருவிருந்துக்கு முன்னர், சபையார் கூடி அதை உறுதி செய்கிறார்கள். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் 1920ஐ ஒட்டி, பொது மின்கம்பியிலிருந்து வீட்டுக்கு இணைப்பு எடுப்பதில்லை என்று முடிவாயிற்று. சலவை இயந்திரம் விலக்கப்படவில்லை. மின்மோட்டாரைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் எஞ்சினாலோ அழுத்தப்பட்ட காற்றாலோ அதை ஓட்டுகிறார்கள்.

எஞ்சின் கூடும், கம்பி கூடாது என்பது பாசாங்கு என்று வெளியார் அடிக்கடி சொல்வதுண்டு. அந்தக் குற்றச்சாட்டு குறி தவறியது. விசையை அவர்கள் பாவம் என்று சொன்னதே இல்லை. வீட்டை வெளியுலகோடு நிரந்தரமாகப் பிணைத்துவிடும் தொடர்பைத்தான் அஞ்சுகிறார்கள். கம்பி ஒன்று வந்தால் அதன் வழியே வானொலியும் தொலைக்காட்சியும் பின்தொடரும். எஞ்சின் தன் வேலை முடிந்ததும் நின்றுவிடும். ஆகவே ஆமிஷ் பார்வையில் பழமைக்குத் தனிப் புனிதம் கிடையாது. குடும்பத்தையும் சபையையும் இந்தப் பொருள் என்ன செய்யும் என்பதே கேள்வி. பழைய தொட்டியில் புதிய ஹோண்டா எஞ்சினைப் பொருத்துவதில் அவர்களுக்குத் தயக்கம் இல்லாததற்கும் இதுவே காரணம்.

இந்த நியாயத்தில் ஓர் இடறல் உண்டு. விலக்கின் சுமை எல்லார் மேலும் சமமாக விழுவதில்லை. வெந்நீர் காய்ச்சுவது, வெள்ளைத் துணியில் தொடங்கி வேலைத் துணி வரை அதே நீரில் அலசுவது, உருளையில் பிழிவது, கொடியில் உலர்த்துவது எல்லாம் பெண்களின் வேலை. சபை முடிவுகளில் பெண்களுக்கும் வாக்கு உண்டு. போதகர்களோ ஆண்கள் மட்டுமே. சேர்ந்து செய்யும் வேலை தாயையும் மகள்களையும் நெருக்கமாக்குகிறது என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் எளிமைக்கான விலையை யார் தருகிறார்கள் என்ற கேள்வியை அது தீர்க்கவில்லை.

சேகரிப்பவர் எதிர்த்திசையிலிருந்து வருகிறார். ஒரு பொருளை அதன் பயன்பாட்டிலிருந்து விடுவிப்பதே சேகரிப்பு என்று ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் கருதினார். கொலராடோவின் ஈட்டன் என்ற ஊரில் லீ மாக்ஸ்வெல் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் ஆயிரத்துக்கு மேற்பட்ட சலவை இயந்திரங்களைத் திரட்டினார். பயனிலிருந்து விடுபட்ட பொருளில் பாட்டியின் முகமும் திங்கட்கிழமைச் சலவையின் சோப்பு மணமும் தங்கிவிடுகின்றன. கை வலி தங்குவதில்லை. இந்த உருளைகளில் குழந்தைகளின் விரலும் கையும் சிக்கி நசுங்கிய காயங்களை மருத்துவர்கள் தனி வகையாகவே பதிவு செய்திருக்கிறார்கள். பிடியைத் தட்டினால் உருளைகள் விலகிக்கொள்ளும் அமைப்பு பின்னாளைய இயந்திரங்களில் இருந்ததும் அதனால்தான். மெருகேற்றி நிறுத்திய இயந்திரத்தைப் பார்ப்பவருக்கு இதைச் சொல்லாத சேகரிப்பு பாதி நினைவுதான்.

உழைப்பு அப்படியே தொடர வேண்டும் என்று சேகரிப்பவர் கேட்பதில்லை. இயந்திரம் அப்படியே இருக்க வேண்டும் என்று ஆமிஷ் குடும்பம் கேட்பதில்லை. இரண்டில், பழமையை வழிபடாத ஆமிஷ் வழியே மரபு என்ற சொல்லுக்கு நெருக்கமானது. அந்தப் பெண்களின் கைவலியையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் இதைச் சொல்ல வேண்டும்.