இடியும் தீர்ப்பும்

நுவரெலியாக் கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய பழைய இடுகாட்டில் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்னும் பிரித்தானியப் படையதிகாரியின் கல்லறை உள்ளது. 1845ஆம் ஆண்டு யூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். மழைக்கு ஒதுங்கியிருந்தவர், புயல் ஓய்ந்துவிட்டதா எனப் பார்க்க விறாந்தைக்கு வந்தபோதே இடி விழுந்தது என்பர். இறந்த பின்னரும் இடி அவரை விடவில்லை என்றும், கல்லறைக் கல் பிளந்ததற்கு அதுவே காரணம் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதையின் உட்கிடை வெளிப்படையானது: ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவரை வானமே தண்டித்தது என்பதாம். இவ்வுட்கிடையை அறவியல் ஏற்குமா?

ரொஜர்ஸ் கொடியவராக வாழ்ந்தவர் அல்லர். இலங்கை ரைபிள் படைப்பிரிவைச் சேர்ந்த அவர், பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் கடமையாற்றினார். அவர் நினைவாக நண்பர்கள் முன்னின்று எழுப்பியதே பதுளைப் புனித மாற்கு ஆலயம். வெறுக்கப்பட்ட ஒருவருக்கு எவரும் பொருள் திரட்டி ஆலயம் கட்டுவதில்லை. அதே மனிதர் கொன்ற யானைகளின் தொகையோ 1,400க்கு மேற்பட்டது எனக் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட நூலில் குறிப்பிடுகின்றார். இலங்கை யானைகளுள் நூற்றுக்கு ஒன்றேனும் தந்தமுடையதாக இருத்தல் அரிது என்றும் அவர் எழுதியுள்ளார். ஆகவே பெரும்பாலும் தந்தத்தின் பொருட்டும் நிகழ்ந்த கொலையன்று அது. பகலில் வழக்கு விசாரித்து, ஓய்வில் காடு புகுந்து சுடுவதில் எவ்வித முரண்பாட்டையும் அவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

இனி, இடியைத் தீர்ப்பாகக் கொள்வோர்க்கு முதலில் எழும் இடர் ஸ்கின்னர் என்பவராவார். மலைநாட்டு வீதிகளை அமைத்த மேஜர் தோமஸ் ஸ்கின்னரும் கப்டன் கல்வேயும் ரொஜர்ஸின் தொகையில் பாதியளவு யானைகளையேனும் வீழ்த்தியவர்கள் என்பதும் ரெனன்ற் தரும் செய்தியே. ஸ்கின்னரோ எழுபது வயதைக் கடந்து வாழ்ந்து 1877இல் மறைந்தார். அன்றியும், யானைத் தலைக்கு இவ்வளவு என அரசாங்கமே சன்மானம் வழங்கியது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வடபகுதியில் மட்டும் 3,500 யானைகள் இவ்வாறு அழிக்கப்பட்டன. அக்கட்டளையில் ஒப்பமிட்ட மேசைகளின் மீது இடி எதுவும் விழவில்லை.

இதற்கு வினைக்கோட்பாட்டினர் விடை கூறுவர். வினை உடனே பயன் தரவேண்டுமென்பதில்லை. மறுபிறப்பிலும் வந்துறும் என்பர். அவ்விடை தன்னளவில் முரணற்றதே. ஆனால் அதனை ஏற்குமிடத்து, ரொஜர்ஸின் சாவு எதற்கும் சான்றாகாது போகின்றது. அவர் தொண்ணூறு வயதுவரை வாழ்ந்திருப்பினும் அதே விடையே கூறப்பட்டிருக்கும். இதனினும் பாரதூரமான விளைவு ஒன்றுண்டு. ரொஜர்ஸ் இறந்த மலைத்தொடரின் தென்சரிவிலேயே கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டம் அமைந்துள்ளது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் அங்கே மலை சரிந்து லயன்களை மூடியது. இடியில் தீர்ப்பைக் காண்பவர் மண்சரிவிலும் தீர்ப்பைக் காணக் கடமைப்பட்டவராவார். அவ்வாறாயின் சேற்றில் புதைந்த தொழிலாளரும் குழந்தைகளும் குற்றவாளிகளாகின்றனர்! கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்துவந்து, கொள்ளை நோயாலும் பசியாலும் வீழ்ந்து, கல்லறையும் இன்றி மறைந்தோரும் அவ்வாறே. யானைக்காக இரங்கிப் பிறந்த கதை ஏழைக்கு எதிரான சாட்சியாக மாறிவிடுகின்றது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மீரியபெத்தை ஆபத்தான இடமென 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. வினையின் பெயரைச் சொன்னதும் அவ்விரு ஆண்டுகளைப் பற்றிக் கேட்பதற்கு எவரும் இல்லாதொழிவர்.

தவறிய அரசனுக்கு அறமே கூற்றாதல் சிலப்பதிகாரத்தின் பொருளாயிற்றே என ஒருவர் வினவக்கூடும். ஆயின் அக்காப்பியம் பாண்டியன்மீது இடியை ஏவவில்லை என்பது நோக்கற்பாலது. கண்ணகி வாயிலுக்கு வருகின்றாள், வழக்குரைக்கின்றாள், சிலம்பு உடைக்கப்படுகின்றது, பரல் தெறிக்கின்றது. தான் பிழைத்ததைத் தானே அறிந்த பின்னரே மன்னன் வீழ்கின்றான். (மதுரை எரியூட்டப்பட்டதை இவ்வளவு எளிதில் நியாயப்படுத்த இயலாது, அது வேறு ஆராய்ச்சி.) ஹப்புத்தளையில் வழக்குரைத்தாரும் இலர், தன் தவற்றை அறிந்தாரும் இலர். குற்றவாளி அறியாத தண்டனை வெறும் நிகழ்ச்சியேயன்றி நீதியாகாது.

அவ்வாறெனின் ரொஜர்ஸ் மீதான வழக்கு தள்ளுபடியாகின்றதா? இல்லை. அது வானத்திடமிருந்து மனிதரிடம் திரும்புகின்றது. திரும்பும்போது கடினமும் ஆகின்றது. அவர் தம் காலத்தின் குழந்தை, அக்காலத்து அளவுகோலாலேயே அவரை அளக்கவேண்டும் என்பது வழக்கமாகக் கூறப்படும் எதிர்வாதம். காலம் என்பது ஆங்கிலேயரின் காலம் மட்டுந்தானா? உயிர்க்கொலையைப் பாவமெனக் கொண்ட ஊவாப் பௌத்தக் குடியானவரும் அதே காலத்தவரே. அவர் முன்னிலையில் நாள்தோறும் வழக்காட வந்தவரும் அவர்களே. மாற்றுக் கருத்து நூற்றாண்டு கடந்து வரவேண்டியதாக இருக்கவில்லை. நீதிமன்ற வாயிலில் நின்றிருந்தது. ஆங்கிலேயருள்ளும் ரெனன்ற் இவ்வேட்டைக்குக் குறிபார்க்கும் திறன்கூட அதிகம் வேண்டியதில்லை என்றே எழுதினார். பயிர்க்காப்பு என்னும் வாதம் இதனினும் வலியது. சேனையை ஓரிரவில் இழந்த குடியானவனுக்கு யானை காட்சிப்பொருள் அன்று. துப்பாக்கியோடு வந்த துரையை அவன் வாழ்த்தியிருத்தலும் கூடும். எனினும் பயிரைக் காப்பவன் பயிரருகே நிற்பான். மந்தையைத் தேடிக் காட்டினுள் நெடுந்தொலைவு செல்லான். கொன்றவற்றை எண்ணி வைத்துப் பெருமையும் கொள்ளான். ரொஜர்ஸின் பெயரோடு 1,400 என்ற எண் ஒட்டிக்கொண்டதே அது தேவையின்பாற்பட்டதன்று என்பதற்குச் சான்று.

தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இல் வந்தது. ஒருகாலத்தில் யானைக் கூட்டங்கள் ஏறித்திரிந்த ஹோட்டன் சமவெளியில் இன்று யானை இல்லை.