இலையை வைத்து இறைவனை அளப்பது

இயற்கையில் எதுவும் வீணாவதில்லை, அந்தச் சிக்கனமே படைத்தவன் இருப்பதற்குச் சான்று என்று சமயச் சொற்பொழிவுகளில் அடிக்கடி கேட்கிறோம். முதலில் காட்டப்படுவது பச்சை இலை. அதன் முதல் வேலை உண்மையிலேயே வியப்புக்குரியது: பச்சையம் உள்வாங்கும் ஒளித்துகள்கள், நல்ல சூழலில், ஏறக்குறைய ஒன்றுவிடாமல் எலக்ட்ரானை நகர்த்திவிடுகின்றன. ஆனால் சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதி இலைக்குப் பயன்படாத அலைநீளங்களில் வருகிறது. மீதியிலும் படிக்குப் படி இழப்பு. சூரிய ஆற்றலைச் சேமிப்பதில் நெல்லும் கோதுமையும் கோட்பாட்டளவில் எட்டக்கூடிய உச்சமே சுமார் 4.6 சதவீதம். வயலில் கிடைப்பது பெரும்பாலும் 1 சதவீதத்தை ஒட்டித்தான். மாடியில் வைக்கும் சூரியத் தகடு சுமார் 20 சதவீதத்தை மின்சாரமாக்குகிறது. கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நொடிக்கு ஆயிரக்கணக்கான வினைகளை முடிக்கும் நொதிகள் உண்டு. பயிர்களில் இது முடிப்பது ஒரு சில. போதாக்குறைக்கு, கரியமில வாயுவுக்குப் பதிலாக ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்கிறது. வெப்பம் ஏற ஏற இந்தப் பிழையும் ஏறும். அதைச் சரிசெய்யச் செடி ஆற்றலைச் செலவழிக்கிறது, சேர்த்த கரிமத்திலும் ஒரு பங்கை இழக்கிறது. காற்றில் ஆக்சிஜன் அநேகமாக இல்லாத காலத்தில் உருவான நொதி இது. பிறகு ஒளிச்சேர்க்கையே காற்றை ஆக்சிஜனால் நிரப்பிவிட்டது.

இலையைத் தகட்டோடு ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். உச்சி வெயிலில் மிகுதியான ஒளியை இலை வெப்பமாக வெளியேற்றுவது தன்னைக் காத்துக்கொள்ள. அது தன் காயத்தைத் தானே ஆற்றும், தகடு ஆற்றாது. இதை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் இப்படிச் சொல்லும்போதே, எதுவும் வீணாவதில்லை என்ற பழைய வாதத்தைக் கைவிட்டுவிட்டோம். கடிகாரம் சில சமயம் தவறாக ஓடினாலும் அதைச் செய்தவன் ஒருவன் உண்டு என்று 1802இல் இறையியலாளர் வில்லியம் பேலி வாதிட்டார். அப்படியானால் சான்று அமைப்பில் இருக்கிறதே தவிர, சிக்கனத்தில் இல்லை. ரூபிஸ்கோவைக் காட்டி இறைவன் இல்லை என்று முடிவு கட்டுபவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள்: கடவுள் என்றால் இழப்பைக் குறைக்கும் பொறியாளர் என்று அவர்களும் முன்கூட்டியே வைத்துக்கொள்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டின் சைவ சித்தாந்தி மெய்கண்டார் இந்த வழியில் போகவில்லை. அவருடைய சிவஞானபோதத்தின் முதல் சூத்திரம் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவதிலிருந்து அதற்கொரு முதல்வன் உண்டென்று நிறுவ முற்படுகிறது; உலகம் திறமாக இயங்குகிறது என்பதிலிருந்து அல்ல. அதை ஏற்பவரும் மறுப்பவரும், காரண காரியத் தொடர்பு உலகம் முழுமைக்கும் பொருந்துமா என்பதைத்தான் வாதாட வேண்டும். ஒரு நொதியின் வேகம் அங்கே சாட்சிக்கு வராது.