விருந்தாளியும் கூவமும்

கும்பகோணத்து நண்பர் ஒருவர் சனி, ஞாயிறு இரண்டு நாளும் என்னோடு தங்கிப் போனார். சென்னைக்குப் பிழைக்க வந்து முப்பது வருஷமாகிவிட்ட நான், ஊருக்கே சொந்தக்காரனைப் போல அவரை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். 1959-ல் எழுந்த பதினான்கு மாடி எல்.ஐ.சி. கட்டிடத்தை அண்ணாந்து பார்க்க வைத்தேன். கடற்கரையில் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலைக்கு முன்னே நின்று சிறு பிரசங்கமே செய்துவிட்டேன்.

அங்கிருந்து கோட்டைக்குப் போகும் வழியில் நேப்பியர் பாலம் வந்தது. சட்டென்று, 1639-ல் இந்த மணல்மேடு ஆங்கிலேயர் கைக்குப் போன கதையை ஆரம்பித்தேன். கதை காதுக்குத்தானே? மூக்கு ஏமாறுமா?

"கூவம்தானே ஐயா இது?" என்றார் நண்பர்.

போன கோடையில் அவர் ஊருக்குப் போயிருந்தேன். கோயில்களுக்கு முன்னால் காவிரிக்கரைக்குத்தான் என்னை அழைத்துப் போனார். சொட்டுத் தண்ணீர் இல்லை, வெறும் மணல். அதைக் காட்ட அவர் வெட்கப்படவில்லை, துக்கப்பட்டார். எனக்கோ வெட்கம் மட்டும்தான் வந்தது.

விருந்தாளி வருகிறார் என்றால் அழுக்குத் துணியை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறோம். அதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அந்தத் துணியை மறுநாள் நாமே துவைக்கிறோம். கூவத்துக்காக இத்தனை வருஷத்தில் நான் செய்ததெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டதுதான்.

எழும்பூரில் ரயில் ஏறும்போது, "அடுத்த தடவை அந்த ஆற்றங்கரையில் கொஞ்ச தூரம் நடக்கலாமே?" என்றார் நண்பர். சரி என்று சொல்லியிருக்கிறேன்.