கொடியவன் தோற்றுவிடக் கூடாதே!

பங்கு இல்லத்துப் பழைய பெட்டியொன்றைச் சென்ற வாரம் ஒழித்தபோது, அட்டை கிழிந்த லயன் காமிக்ஸ் இதழ் ஒன்று கைக்கு வந்தது. 1984-இல் சிவகாசியிலிருந்து அது வெளிவரத் தொடங்கியபோது எனக்கு வயது பதினான்கு. அதில் வந்த ஸ்பைடரை என் வயதொத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். 1965-இல் இங்கிலாந்தில் பிறந்த பாத்திரம். கருப்பு உடை, கூரிய காதுகள், வலை பீய்ச்சும் துப்பாக்கி. குற்ற உலகின் சக்கரவர்த்தியாவதே அவன் இலட்சியம்.

அந்தச் சண்டைப் பக்கங்களை மீண்டும் படித்தேன். ஐம்பதைக் கடந்த குருவுக்கு இது தகுமா என நகைப்போர் நகைக்கட்டும். மற்றொரு கொடியவனோடு ஸ்பைடர் மோதுகிறான். எவன் வென்றாலும் உலகுக்கு நன்மையில்லை. ஆயினும் 'இவன் தோற்றுவிடக் கூடாதே' என்று நெஞ்சு அன்றுபோலவே இன்றும் துடித்தது.

என் தந்தை யாகப்பன்பட்டியில் பூட்டுச் செய்தவர். மாங்காய்ப் பூட்டுக்குச் சாவி அராவும் ஓசைக்கிடையேதான் இக்கதைகளைப் படித்தேன். ஸ்பைடரின் கூட்டாளி ஆர்டினியோ எந்தப் பெட்டகத்தையும் திறந்துவிடும் கைகாரன். ஒரு பூட்டுக்காக நெடுநேரம் குனிந்திருந்த தந்தையைவிட, நொடியில் அதைத் திறப்பவனே எனக்கு வீரனாகத் தெரிந்தான்!

குருமடத்தில் புனித தோமா அக்குவினாரின் நுட்பமான வேறுபாடு ஒன்றைக் கற்றோம். தீமையைப் பற்றிச் சிந்திப்பதில் எழும் இன்பம் வேறு. சிந்திக்கப்படும் தீமையிலேயே கொள்ளும் இன்பம் வேறு. கதை படிப்பவன் பெறுவது முன்னதுதான் என்று நெடுங்காலம் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு திருவிழா இரவில் இரு இளைஞர்கள் கட்டிப்புரண்டனர். விலக்கிவிட ஓடினேன். ஆனால், கூட்டத்தைப் பிளந்து உள்ளே சென்றதும் ஒரு கணம் நின்றேன். எவன் வெல்வான் என்று காணும் ஆவல். அக்கணத்தில் ஒருவனுக்குப் பல் உடைந்தது. இதை இதுவரை யாரும் அறியார். நான் நின்றதைத் தயக்கம் என்றே எண்ணியிருப்பர்.

புனித அகுஸ்தினாரின் நண்பர் அலிப்பியுஸ், வாள்வீரர் போர்க்களரியில் கண்களை இறுக மூடிக்கொண்டே அமர்ந்திருந்தாராம். கூட்டத்தின் பேரிரைச்சலில் கண் திறந்தது. பின்பு மூட முடியவில்லை. எனக்கோ அத்தகைய இரைச்சல்கூடத் தேவைப்படவில்லை.

இதழைக் கண்ட பீடச் சிறுவன் ஒருவன், "சாமி, இவன் நல்லவனா, கெட்டவனா?" என்றான். பின்னாளில் ஸ்பைடர் குற்றவாளிகளை எதிர்ப்பவனாக மாறிவிட்டதைச் சொன்னேன்.

"அப்போ, திருடினதை எல்லாம் திருப்பிக் கொடுத்துட்டானா?"

சக்கேயு நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னதை, முந்தின ஞாயிறுதான் அச்சிறுவனுக்கு மறைக்கல்வியில் சொல்லியிருந்தேன். நான் படித்த எந்த இதழிலும் அப்படியொரு பக்கம் நினைவில் இல்லை. இல்லை என்றேன். அவன் இதழை என் மேசைமேல் வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டான்.