சூரைச்செடியின் அடியில்



காஜாங்கில் வாழும் நமக்குச் சாத்தே சுடுவதைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரியடுப்பின் முன் நிற்பவர் கையில் விசிறி ஓயாது. வேகம் குறைந்தால் இறைச்சி வேகாது, கூடினால் கருகிவிடும். நம் கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே இருக்கும் தைராய்டுச் சுரப்பிக்கும் அந்த வேலைதான். உணவிலிருந்து கிடைக்கும் அயோடினைக் கொண்டு அது தைராக்சினைச் சுரக்கிறது. இதயத்துடிப்பும் உடம்பின் சூடும் குடலின் அசைவும் அதன் சொல்கேட்டு நடக்கின்றன. அளவு குறைந்தால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி டி.எஸ்.எச். என்னும் தூதை அனுப்பி இன்னும் வேண்டும் என்று கேட்கும்.

கேட்டும் கிடைக்காத உடம்புகள் உண்டு. காலையில் எழ முடியாத மனைவி. அதிகம் சாப்பிடாமலே உடம்பு போடும் மகள். ஏர்கோனை அடைக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும் மாமியார். அவர்களை நாம் என்ன சொன்னோம்? சோம்பேறி என்றோமா? ஜெபம் போதவில்லை என்று, பக்தியோடுதான், புண்படுத்தினோமா?

இறைவாக்கினர் எலியா சூரைச்செடியின் அடியில் படுத்து, சாவே மேல் என்றவர். ஆண்டவரின் தூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் தந்தார், மறுபடி தூங்கவும் விட்டார். அந்த இரண்டாம் தூக்கம்தான் எனக்குப் பெரிய அருளாகப் படுகிறது.

கேளாமலே வரும் அப்படிப்பட்ட இரக்கத்தை நம் ஆஸ்பத்திரிகளிலும் பார்க்கிறேன். மலேசியாவில் 1998 முதல் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தில் தைராய்டைச் சோதிக்கிறார்கள். குறையுள்ள சிசு பெரும்பாலும் நலமாகவே தோன்றும். கவனிக்காமல் விட்டால் மூளை வளர்ச்சி குன்றிவிடும். முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால், மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும். ஆகவே தாய்மாரே, தாதி திரும்ப அழைத்தால் தள்ளிப்போடாதீர்கள். அந்த மருந்தும் தைராக்சின்தான். அதை வேதியியலாளர் எட்வர்ட் கெண்டல் முதன்முதலில் பிரித்தெடுத்தது 1914 கிறிஸ்துமஸ் நாளில். தற்செயல்தான் என்பீர்கள், நான் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

நெடுநாள் களைத்திருப்பவர்களே, வெட்கப்படாமல் கிளினிக்குக்குப் போய் இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். மாத்திரை எழுதித்தந்தால் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள். தே தாரிக் அரைமணி நேரமாவது காத்திருக்கட்டும். தேறிவிட்டோம் என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நற்கருணை நோன்பு முறியுமே என்று ஞாயிறு காலையில் மாத்திரையை விட்டுவிட்டு வருகிறவர்களுக்கும் சொல்கிறேன்: தண்ணீரும் மருந்தும் அந்த நோன்பை முறிப்பதில்லை. போட்டுவிட்டே திருப்பலிக்கு வாருங்கள்.