வேலிக்கு அப்பால் நடப்பது நமக்கென்ன?



"வேலிக்கு அப்பால் நடப்பது நமக்கென்ன?" என்று கேட்பது வியாபாரிகளாகிய நமக்கு மிக எளிது. நம் கடை உண்டு, நம் கணக்கு உண்டு. அண்டையில் இருப்பவன் எதை வளர்க்கிறான், எதைத் தின்கிறான் என்பது அவன் பாடு என்று இருந்துவிடுகிறோம். இது நேர்மையான வாழ்வுதானா? இக்கேள்வியை என் மனத்தில் எழுப்பியது, நாம் பிழைக்கும் இந்த நெகிரி செம்பிலானில் நடந்த ஒரு சம்பவமாகும்.

1998-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசியில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தோர் சிலர் கடுங்காய்ச்சலில் விழுந்தனர். பின்னர் அந்நோய் சிரம்பானை அடுத்த சிக்காமட்டிலும், அதன்பின் போர்ட்டிக்சன் மாவட்டத்தில் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா கிராமங்களிலும் பரவியது. கொசுவினால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் எண்ணினர். ஊரெங்கும் கொசுப்புகை அடித்தனர்; தடுப்பூசியும் போட்டனர். ஊசி போட்டவர்களும் மாண்டனர்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கொசு சாதி மதம் பார்த்துக் கடிப்பதில்லை. ஜப்பானியக் காய்ச்சலானால் குழந்தைகளை அதிகம் பிடிக்கும். இந்நோயோ பன்றியைத் தொட்டு வேலை செய்த வயதுவந்த ஆண்களையே பெரும்பாலும் பிடித்தது. பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களை விட்டுவிட்டது. ஆகவே இது கொசுவின் வேலையன்று என்ற சந்தேகம் அறிஞர்களுக்கு வலுத்தது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் புதிய கிருமி ஒன்றைக் கண்டுபிடித்தனர். சுங்கை நிப்பாவின் பெயரால் அதற்கு 'நிப்பா' என்றே பெயரிட்டனர். நம் நாட்டில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தனர்.

அக்கிருமி எங்கிருந்து வந்தது? மலாயில் கெலுவாங் என்கிறோமே, அந்தப் பழந்தின்னி வௌவாலிடமிருந்து. வௌவாலுக்கு அதனால் நோயில்லை. ஈப்போ அருகே நோய் தொடங்கிய பண்ணையில் பன்றிக் கொட்டகையை ஒட்டி மாமரங்கள் நின்றன. வௌவால் கடித்துப் போட்ட பழம் கொட்டகைக்குள் விழுந்தது, பன்றி தின்றது, பன்றியிடமிருந்து மனிதனுக்கு வந்தது. மரத்தை நட்டவன் பழத்துக்காக நட்டான். வௌவால் பசிக்காக வந்தது. பன்றி கிடைத்ததைத் தின்றது. ஒருவரும் தீங்கு நினைக்கவில்லை. ஆயினும் மூன்றும் ஒரே இடத்தில் கூடியதால் தீங்கு பிறந்தது. ஜீவராசிகள் ஒன்றோடொன்றும், தாம் வாழும் மண், நீர், மரம் ஆகியவற்றோடும் கொண்டுள்ள இத்தகைய கொடுக்கல் வாங்கலை ஆராய்வதையே சூழலியல் என்கிறார்கள். கடைக்காரர் பாஷையில் சொன்னால், எவரும் தனிக்கணக்கு வைத்துக்கொள்ள இயலாத ஒரு பெரிய பேரேடு அது.

சரி, பேராக்கிலிருந்த நோய் நெகிரி செம்பிலானுக்கு எப்படி வந்தது? வௌவால் கொண்டுவரவில்லை, வியாபாரம் கொண்டுவந்தது! நோய் கண்ட வட்டாரத்துப் பன்றிகள் விலைபேசப்பட்டு லாரிகளில் தெற்கே வந்தன. பன்றிகள் இருமினவேயன்றிப் பெரும்பாலும் சாகவில்லை. ஆகவே விற்றவரில் அறியாமல் விற்றவரும் இருந்திருக்கலாம். சிங்கப்பூருக்கு ஏற்றுமதியான பன்றிகளால் அங்கே இறைச்சிக் கொட்டடித் தொழிலாளர் 11 பேர் நோயுற்று ஒருவர் இறந்தார்.

தொற்று நோயுள்ள ஊருக்குள் போகாதே, அவ்வூரில் இருந்தால் வெளியேறாதே என்றும், சரக்கின் பழுதை மறைத்து விற்காதே என்றும் மதரஸாவில் சிறு வயதிலேயே ஓதியவர்கள் நாம். இவ்விரண்டும் வெவ்வேறு பாடங்கள் என்றே நான் எண்ணியிருந்தேன். அவை ஒரே பாடம் என்பதை அந்த லாரிகள் எனக்குக் காட்டின.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். அப்போது எனக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. தோட்டத்து முனையிலிருந்த எங்கள் கடையில் அத்தாவுக்கு உதவியாக இருந்தேன். பன்றிப் பண்ணையில் கூலிவேலை பார்த்த தமிழர் ஒருவரின் மனைவி பற்றுக்கு அரிசி வாங்க வந்தார். "அங்கேயே நில்லுங்கள், உள்ளே வராதீர்கள்" என்று விரட்டினேன். அஞ்சியதோடு நில்லாமல், "அதைத் தொட்டால் இப்படித்தான்" என்று ஒரு சொல்லும் சேர்த்தேன். அத்தா உள்ளிருந்து கேட்டுவிட்டார். அரிசியை அவரே நிறுத்து, வாசற்படி வரை எடுத்துப்போய் வைத்துவிட்டு வந்தார். "எட்ட நிற்கச் சொன்னது சரி தம்பி; அது எச்சரிக்கை. பிறகு சொன்னாயே, அது ஆணவம். அந்த மனுஷன் அங்கே கூலிக்குப் போனது நம் பற்றைத் தீர்ப்பதற்கும் சேர்த்துத்தான்" என்றார். எனக்குத் தலை கவிழ்ந்தது. அந்தப் பண்ணைப் பணம் மாதந்தோறும் எங்கள் கல்லாவுக்கும் வந்துகொண்டுதானே இருந்தது! வேலிக்கு அப்பால் என்று நான் நினைத்தது என் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

"நாம் அப்பிராணியை அண்டுவதில்லை, நமக்குப் பயமில்லை" என்று இன்னமும் சொல்வோர் இருக்கின்றனர். அவர்கள் வங்காள தேசத்தைப் பார்க்கட்டும். 2001 முதல் அங்கே இதே கிருமி பலமுறை தோன்றியிருக்கிறது. முஸ்லிம்கள் மிகுந்த நாடு; பன்றி இடையில் வரவில்லை. குளிர்காலத்தில் ஈச்சமரத்தில் கலயம் கட்டிப் பதநீர் இறக்குவர்; இரவில் வௌவால் வந்து நக்கும்; காலையில் அதைக் காய்ச்சாமல் குடித்தவர்களை நோய் பிடித்தது. 2018-இல் நம்மவர் பலரும் அறிந்த கோழிக்கோட்டுப் பகுதியிலும் தோன்றி 17 பேரைக் கொண்டுபோயிற்று. அங்கேயும் பன்றி இல்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியிடமிருந்து மற்றவருக்குப் பரவியது. ஆகவே 1999-இல் நாம் தப்பியதை நம் மேன்மைக்கு அத்தாட்சியாக எண்ணிப் பெருமை கொள்வது தகாது.

அப்படியானால் வௌவாலையெல்லாம் கொன்றுவிடலாமா? தியோமான் தீவில் பழந்தின்னி வௌவாலின் மூத்திரத்திலும், அது தின்று போட்ட பழத்திலும் இக்கிருமியைக் கண்டனர். அதே தீவில் அதே வௌவால்தான் இரவில் டுரியான் பூவுக்குப் பூ சென்று காய் பிடிக்க வைக்கிறது என்று 2017-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. வௌவாலை ஒழித்துவிட்டு டுரியானுக்கு எங்கே போவது? பருவத்தில் டுரியான் விற்று நாலு வெள்ளி பார்க்கும் நம்மவர் இதை யோசிக்க வேண்டும். வங்காளத்தில் கண்ட வழி எளியது: கலயத்தைச் சுற்றி மூங்கில் தட்டி கட்டினார்கள், வௌவால் வாய் வைக்க முடியவில்லை. வௌவாலும் பிழைத்தது, மனிதனும் பிழைத்தான். கொட்டகையருகே பழமரம் வைக்காதே என்பதும் அத்தகைய எளிய பாடமே.

வாழ்க்கையில் சங்கிலி முழுவதையும் காக்க நம்மால் ஆகாது. நம் கையிலுள்ள கண்ணி நம் பொறுப்பு. பழுதுள்ள சரக்கு என்று சந்தேகம் வந்தால் லாபத்தை விட்டு நிறுத்திவைப்பது, அறிந்ததை வாங்குபவனிடம் சொல்வது, அண்டையானுக்குத் துன்பம் வந்தால் எச்சரிக்கையாக இருந்துகொண்டே ஏளனமின்றி உதவுவது — இவை ஒவ்வொரு கடைக்காரராலும் ஆகக்கூடியவை.

அந்த அம்மாள் பிறகும் பல வருஷம் எங்களிடமே சாமான் வாங்கினார். நான் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை. அந்தப் பற்று மட்டும் என் பெயரில் இன்னும் தீராமல் நிற்கிறது.