தன்வரலாறும் தற்போதமும்

திருத்தணிகை மலைப்படிகள் 365. ஆண்டின் நாளுக்கொன்றாக எண்ணப்படுவன. டிசம்பர் 31-இல் நிகழும் திருப்படித் திருவிழாவில் அடியார்கள் படிதோறும் பூசனை புரிந்து திருப்புகழோதி மேலேறுவர். விழாவும் விரதமுமில்லாத வெறும் நாளுக்குரிய படிக்கும் ஆண்டுப் பூசனை உண்டு. அங்ஙனமாயின், எளியார் தம் அன்றாட வாழ்வை எழுதிவைத்தலும் தகுமோவெனின், தகாதென்பாருளர். யான் எனதென்னுஞ் செருக்கறுக்க முயலுஞ் சைவன், 'யான் பிறந்தேன், யான் உண்டேன்' எனப் பக்கந்தோறும் எழுதுதல் தற்போதத்தை வளர்ப்பதேயாம் என்பர். இக்கூற்று எளிதில் தள்ளற்பாலதன்று. தம்மை மெச்சிக்கொள்ளவே எழுதப்பட்ட நூல்களும் உளவன்றோ!

ஆயினும், உயிர் சார்ந்ததன் வண்ணமாமென்பது சித்தாந்தத் துணிபு. ஆகலின் தன் கதையை உள்ளவாறு சொல்லப் புகுந்தவன், தான் சார்ந்தாரைச் சொல்லாது ஓரடியும் நகரவியலாது. மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிவந்த 'என் சரித்திரம்' இதற்குச் சான்று. வறுமை, வழிநடை, உண்ட உணவு, ஏடு தேடிய அலைச்சல் ஆகிய இவையே அதிற் பெரும்பாலன. படிப்பார் நெஞ்சில் நிறைபவரோ, அவர்தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களும் திருவாவடுதுறைச் சுப்பிரமணிய தேசிகரவர்களுமே. 1876-இல் பிள்ளையவர்களின் இறுதிவேளையில், சவேரிநாத பிள்ளை என்னும் கிறித்தவ மாணாக்கர் அவரைத் தாங்கியிருக்க, ஐயரவர்கள் திருவாசகத்து அடைக்கலப்பத்தை ஓதினார்கள். அவ்விடத்து 'நான்' என்பது ஓதுங் குரலளவே. வேறு பெருமை அதற்கில்லை.

1942 ஏப்ரலில் ஐயரவர்கள் மறைந்தார்கள். அச்சரித்திரம் முற்றுப்பெறாமலே நின்றது.